பழைய காரின் ஜாதகம்

"இன்னும் ஒரு வருஷம் பார்ப்போமே!"

பழைய கார் இருக்கிற வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிற வாக்கியம் இதுதான். போன வருஷமும் இதையேதான் சொன்னார்கள். அதற்கு முந்திய வருஷமும் அப்படியே. கிளட்ச் தேய்ந்து போனால், "இனிமேல் கட்டாது, விற்றுவிட வேண்டியதுதான்" என்று தீர்மானமாகும். கிளட்ச் மாற்றி முடிந்ததும், "இவ்வளவு பணம் போட்ட பிறகு விற்பானேன்?" என்று அந்தத் தீர்மானம் ரத்தாகும். ஆக, வண்டி கெட்டுப் போனால் கெட்ட வண்டியை யார் வாங்குவார்கள் என்று விற்பதில்லை. சரியாகிவிட்டால் சரியான வண்டியை ஏன் விற்க வேண்டும் என்று விற்பதில்லை!

மதுரை பழங்காநத்தத்தில் ஒரு குடும்பம் இருப்பதாகக் கற்பனை செய்து கொள்ளுங்கள். 2007-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோ மீட்டர் ஓடியிருக்கிறது. வாங்கியவர் மாமனார். அவருக்கு அது கார் அல்ல, மூன்றாவது பிள்ளை. மற்ற இரண்டு பிள்ளைகளைவிட இது சொன்ன பேச்சைக் கேட்கும் என்பது அவர் அபிப்பிராயம். மருமகளுக்கு விருதுநகரில் வேலை கிடைத்திருக்கிறது. வாரத்தில் நாலு நாள் போக வேண்டும். போக வரத் தொண்ணூறு கிலோ மீட்டர்.

"மாமா, புது வண்டி எடுத்துட்டா நல்லதுன்னு தோணுது."

"ஏம்மா, இதுக்கு என்ன குறைச்சல்? ஸ்டார்ட் பண்ணினா ஒரே அடியிலே எடுக்குதே!"

மாமியார் வாய் திறக்கவில்லை. புது வண்டி என்றால் முன்பணம், முன்பணம் என்றால் பீரோவில் இருக்கிற நகை என்று அந்த அம்மாளுக்குத் தெரியாதா, என்ன?

இவர்களில் யார் கட்சி சரி? பதில் சொல்வதற்கு முன் காரின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஜாதகத்தில் எல்லோரும் முதலில் பார்க்கிற கட்டம் கிலோ மீட்டர். "லட்சத்தைத் தாண்டிவிட்டதா? அப்படியானால் தள்ளிவிடு" என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள். ஆனால் அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் இர்வ் கார்டன் என்று ஒரு விஞ்ஞான ஆசிரியர் இருந்தார். 1966-இல் ஒரு வால்வோ பி-1800 கார் வாங்கினார். தினமும் பள்ளிக்கூடத்துக்கு நெடுந்தூரம் அதிலேயே போய் வந்தார். லீவு விட்டால் ஊர் ஊராகச் சுற்றினார். 2013-இல் அலாஸ்காவில் அந்தக் கார் முப்பது லட்சம் மைலைத் தொட்டது. கிலோ மீட்டரில் சொன்னால் நாற்பத்தெட்டு லட்சத்துக்கு மேல்! 2018-இல் அவர் காலமாகிற வரையில் அதை விற்கவில்லை. காலாகாலத்தில் எண்ணெய் மாற்றுவது, கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கிறபடி பராமரிப்பது, இரண்டையும் தவிர வேறு ரகசியம் எதையும் அவர் சொல்லிக் கொண்டதில்லை.

இதற்கு நேர் எதிரான கதை நம் நாட்டிலேயே இருக்கிறது. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி, முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கையால் பெற்றுக் கொண்டவர் டில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங். அவரும் அந்தக் காரைக் கடைசி வரையில் விற்கவில்லை. 2010-இல் அவர் காலமான பிறகு அந்தச் சரித்திரப் புகழ் பெற்ற கார் வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்று துருப்பிடித்துப் போயிற்று. பிற்பாடு அதைப் புதுப்பித்து மாருதி கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். ஓடிக் கொண்டேயிருந்த வால்வோ நாற்பத்தெட்டு லட்சம் ஓடியது. ஓடாமல் நின்ற மாருதி சில வருஷங்களில் உருக்குலைந்தது.

ஆகவே கிலோ மீட்டர் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. நாலு வழிச் சாலையில் சீராக ஓடிய ஒரு லட்சத்தைக் காட்டிலும், மாசி வீதியிலும் வெளி வீதியிலும் முதல் கியரும் இரண்டாவது கியருமாக, கிளட்சை மிதித்து மிதித்து ஓடிய ஐம்பதாயிரம் வண்டியை அதிகமாகத் தேய்த்துவிடும். இன்ஜின் சரியாகச் சூடேறுவதற்குள்ளேயே கடைத்தெரு வந்துவிடுகிறதே! அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் மீட்டருக்கு ஐந்தே இலக்கம். 99,999-க்கு அப்புறம் மறுபடியும் சைபர். கிழவிக்குப் பிறந்த நாள் கொண்டாடின மாதிரி வண்டி புதிசாகிவிடும்.

பராமரிப்பு என்றால் மதுரைக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டாம். 1911-இல் மதுரையில் பஸ் தொழிலைத் தொடங்கிய டி. வி. சுந்தரம் அய்யங்காரின் ஊர் அல்லவா இது? டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைத்துக் கொள்ளலாம் என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். சாலையில் கிடக்கிற ஆணிகளைப் பொறுக்குவதற்கென்றே காந்தம் கட்டிய வண்டியை விட்டார்கள் என்றும் சொல்வார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கரி வாயுவில் ஓடும்படி வண்டிகளை மாற்றி ஓட்டினார்கள். தேய்ந்த டயரை எறியாமல் அதன்மேல் புது ரப்பர் பதித்து மறுபடி ஓட்டினார்கள். 1972-இல் அந்த பஸ்கள் தேசியமயமாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்டது. ஆனால், கெட்ட பிறகு பார்ப்பதைவிடக் கெடுவதற்கு முன்னால் மாற்றுவதே லாபம் என்ற அந்தப் பழைய டெப்போ வழக்கம் இன்றைக்கும் வீட்டுக் காருக்கு அப்படியே பொருந்தும்.

சரி, ஜாதகத்தில் வேறு எந்தக் கட்டத்தைப் பார்ப்பது? இதற்குக் காலை வேளைதான் நல்லது. இரவெல்லாம் நின்ற வண்டியை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது பின்னால் நின்று கொண்டு புகையைப் பாருங்கள். சாக்கடைப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கொள்கிற மாதிரி திருப்பிக் கொள்ளாமல் பாருங்கள்! நீல நிறமாகப் புகை வந்தால் இன்ஜின் எண்ணெயைக் குடிக்கிறது. கறுப்பாக வந்தால் பெட்ரோல் முழுதும் எரியவில்லை. பெரும்பாலும் சில்லறைச் செலவில் சரியாகும். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை ஓயாமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்து கொண்டே போனால் தலைக்குமேல் செலவு காத்திருக்கிறது. எண்ணெய் பார்க்கிற குச்சியை உருவினால் காப்பி நிறத்தில் நுரை நுரையாக இருக்கிறதா? எண்ணெயோடு தண்ணீர் கலந்திருக்கிறது. அதற்குப் பிறகு மெக்கானிக்கைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது துரு. மிதியடி விரிப்பை எடுத்துவிட்டுத் தரையைப் பாருங்கள். ஸ்டெப்னி வைக்கிற குழியைப் பாருங்கள். வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். மதுரை வறண்ட பூமியாக இருப்பதில் இது ஒரு சௌகரியம். ராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் போல உப்புக் காற்று இங்கே தகட்டை அரிப்பதில்லை. ஆனால் வெயில் இருக்கிறதே, அது வேறு வழியில் வேலை செய்யும். பாட்டரியின் ஆயுளைக் குறைக்கும். ரப்பர் குழாய்களை வெடிக்க வைக்கும். டயர் பட்டன் தேயாமலே பக்கவாட்டில் கீறல் விடும். சித்திரைத் திருவிழா சமயத்தில் வழியில் நிற்கிற வண்டிகளுக்கெல்லாம் திருவிழாக் கூட்டம் மட்டும் காரணம் அல்ல.

இப்போது பெட்ரோலில் இருபது சதவிகிதம் எதனால் கலந்து வருகிறது. இந்த இ-20 பெட்ரோலுக்குத் தாங்கக் கூடிய பாகங்களோடு வண்டிகள் வர ஆரம்பித்தது 2023 ஏப்ரல் முதல். அதற்கு முந்திய வண்டிகளில், அதிலும் மிகப் பழையவற்றில், பெட்ரோல் குழாய், வாஷர் முதலிய ரப்பர் சாமான்களை மாற்ற வேண்டி வரலாம். லிட்டருக்குக் கிடைக்கிற தூரமும் கொஞ்சம் குறையும். வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடித்தால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. அது வயசுக் கோளாறு அல்ல, ஆபத்து.

கிளட்ச், பிரேக், ஷாக் அப்சார்பர், பாட்டரி, டயர், ரேடியேட்டர் இவையெல்லாம் காசு கொடுத்தால் கடையில் கிடைக்கிற சாமான்கள். அவை போய்விட்டன என்பதற்காகக் காரை விற்பது, பொத்தான் அறுந்ததற்காகச் சட்டையை எறிவது போலத்தான். சட்டமே துருப்பிடித்து இற்றுவிட்டால், அல்லது ஒரு பெரிய விபத்தில் கோணிப் போயிருந்தால், அதுதான் துணியே நைந்து போன சட்டை. அதை ஒட்டுப் போட்டுக் கொண்டு ஓட்டக் கூடாது.

இனிக் கணக்கு. பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதுகிற அதே நோட்டில் கார் கணக்கையும் எழுதிக் கொண்டு வருகிற வீட்டில் இந்த விவாதம் பாதி நேரத்தில் முடிந்துவிடும். பெரும்பாலும் பில்கள் ஆண்பிள்ளைகளின் சட்டைப் பையிலேயே காலமாகிவிடுகின்றன. அதனால்தான் "ஒண்ணும் பெரிசா செலவில்லை" என்று சொல்ல முடிகிறது.

பழங்காநத்தத்துக் குடும்பத்தையே எடுத்துக் கொள்வோம். ஏழு லட்ச ரூபாய்க்குப் புதுக் கார். இரண்டு லட்சம் முன்பணம், ஐந்து லட்சம் கடன், வட்டி ஒன்பது சதவிகிதம், ஐந்து வருஷம். மாதத் தவணை ஏறக்குறைய 10,380 ரூபாய் வரும். ஐந்து வருஷத்தில் வட்டி மட்டும் சுமார் ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரம். புதுக் காரின் மதிப்போ தேய்பிறைச் சந்திரன். இன்ஷூரன்ஸ் கணக்குப்படியே ஒரு வருஷம் முடிவதற்குள் பதினைந்து சதவிகிதமும், ஐந்தாம் வருஷத்தில் ஐம்பது சதவிகிதமும் கழித்துவிடுகிறார்கள். ஏழு லட்சம் மூன்றரை லட்சமாகிவிட்டது என்றால், போன மூன்றரை லட்சத்தோடு வட்டியையும் சேர்த்து நாலே முக்கால் லட்சம். வருஷத்துக்குத் தொண்ணூற்றையாயிரம் ரூபாய்! பெட்ரோலும் இன்ஷூரன்ஸும் இதில் சேரவில்லை.

மாமனார் மட்டும் ஓட்டினால் மாதம் நானூறு கிலோ மீட்டர் ஆகும். டாக்டர் வீடு, திருப்பரங்குன்றம், எப்போதாவது அழகர்கோயில், கல்யாணம் கார்த்திகை. பழைய வண்டி லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கிறது, புதிசு இருபது கொடுக்கும் என்று வைத்தால் வருஷத்தில் எண்பது லிட்டர் வித்தியாசம். லிட்டர் நூறு ரூபாய் என்று வட்டமாகப் போட்டால் எட்டாயிரம். ரிப்பேருக்கு முப்பதாயிரம் என்று தாராளமாகவே போடுங்கள். மொத்தம் முப்பத்தெட்டாயிரம். தொண்ணூற்றையாயிரம் எங்கே, முப்பத்தெட்டாயிரம் எங்கே! மாமனார் ஜயித்துவிட்டார்.

அதே வண்டியை மருமகள் விருதுநகருக்கு ஓட்டினால்? மாதம் ஆயிரத்தைந்நூறு கிலோ மீட்டர். பெட்ரோல் வித்தியாசம் மட்டும் முந்நூறு லிட்டர், முப்பதாயிரம் ரூபாய். ஓட்டம் ஏறினால் ரிப்பேரும் ஏறும். அறுபதாயிரம் என்று போட்டால் தொண்ணூறாயிரம் ஆகிவிடுகிறது. இரண்டு தட்டும் ஏறக்குறைய சமம்.

பணக் கணக்கு சமமாக நிற்கிற அந்த இடத்தில்தான் நோட்டில் எழுத முடியாத சமாசாரம் வருகிறது. 2007-இல் வந்த சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் ஏர்பேக் கிடையாது. சடக்கென்று பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக் கொள்ளாமல் காக்கிற ஏ.பி.எஸ். கிடையாது. ஏ.பி.எஸ். எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுபவருக்கு ஏர்பேக் அதே வருஷம் ஜூலையில். இவை எந்தக் கடையிலும் வாங்கிப் பழைய காரில் மாட்டுகிற சாமான்கள் அல்ல. திருப்பரங்குன்றத்துக்கு முப்பது கிலோ மீட்டர் வேகத்தில் போகிற பெரியவருக்கு இது பெரிய குறையாகத் தோன்றாது. நாலு வழிச் சாலையில் லாரிகளுக்கும் ஆம்னி பஸ்களுக்கும் நடுவில், ஐப்பசி மழையில், இருட்டின பிறகு தனியாகத் திரும்பி வருகிற பெண்ணுக்கு அது வேறு விஷயம். "ஒரே அடியிலே ஸ்டார்ட் ஆகுது" என்பது அந்தக் கேள்விக்குப் பதிலே அல்ல.

ஆகையால் ஒரே கார், ஒரே வீடு, பதில் இரண்டு. மாமனாருக்கு வைத்துக் கொள்ளத் தகுந்த வண்டி. மருமகளுக்குக் கொடுக்கத் தகாத வண்டி. நகையை அடகு வைத்துத்தான் தீர வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. 2019-க்குப் பிறகு வந்த, மூன்று நாலு வருஷம் ஓடின ஒரு காரை வாங்கினால் முதல் வருஷங்களின் தேய்மானத்தை வேறொருவர் கொடுத்து முடித்திருப்பார். புது வண்டி வாசனை இருக்காது. மாமியாரின் நகை இருக்கும். நான் அந்த வீட்டுக்காரியாக இருந்தால் இதைத்தான் செய்வேன்.

"பதினைந்து வருஷம் ஆனால் சர்க்கார் பறித்துக் கொண்டு போய்விடுமாமே?" என்று பலர் கேட்கிறார்கள். டில்லிச் செய்தியை மதுரைக்கு இழுத்து வந்ததால் ஏற்பட்ட பயம் அது. டில்லிப் பிரதேசத்தில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டியும், பதினைந்துக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்ற உத்தரவைச் சுப்ரீம் கோர்ட் 2018-இல் உறுதி செய்தது. பிறகு அதில் பல திருப்பங்கள். தமிழ்நாட்டில் அந்த மாதிரித் தடை கிடையாது. இங்கே பதினைந்து வருஷம் முடிந்ததும் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டி, தகுதி உண்டென்று எழுதி வாங்கினால் ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பிக்கிறார்கள். பசுமை வரியும் உண்டு. புதுப்பிக்கிற கட்டணம்தான் ஏறியிருக்கிறது. அறுநூறு ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் ஐயாயிரம் ஆயிற்று. இருபது வருஷத்தைத் தாண்டின காருக்குப் பத்தாயிரம் என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். பழங்காநத்தத்துக் கார் 2022-இல் புதுப்பித்தது, மறுதவணை 2027. விற்பதாக உத்தேசம் இருந்தால் அதற்கு முன்னாலேயே விற்பது நலம். வாங்குகிறவரும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் விலை கேட்பார்.

விற்பது என்று முடிவானால் ஒரு விஷயத்தில் மட்டும் தாட்சணியமே கூடாது. "பெயரை அப்புறம் மாற்றிக் கொள்கிறேன், அக்கா" என்று பணத்தை எண்ணி வைத்துவிட்டு ஓட்டிக் கொண்டு போவார்கள். வட நாட்டில் ஒருவர் 2007-இல் காரை விற்றார். அது கைமாறிக் கைமாறி நாலாவது ஆளிடம் போயிற்று. பதிவுப் புத்தகத்தில் மட்டும் பெயர் மாறவில்லை. 2009-இல் அந்தக் கார் பின்னால் வரும்போது மோதி ஒரு பையன் இறந்து போனான். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரையில் போய், 2018 பிப்ரவரியில் தீர்ப்பாயிற்று: பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், நஷ்ட ஈடு அவர் பொறுப்பு. விற்றுக் கை கழுவிவிட்டேன் என்று நினைத்துக் கொண்டிருந்தவர் தலையில் பதினோரு வருஷம் கழித்து அது விழுந்தது.

வரிச் சலுகைக்காகவோ வேறு எதற்காகவோ மனைவி பெயரில் கார் வாங்குகிற வீடுகள் அநேகம். அந்தப் பெண் ஸ்டீயரிங்கைத் தொட்டிருக்கவே மாட்டாள். விற்கிற பேச்சிலும் அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நோட்டீசு வந்தால் அவள் பெயருக்குத்தான் வரும். ஆகையால் 29-ஆம் எண் படிவத்திலும் 30-ஆம் எண் படிவத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதோடு நிற்காமல், விற்ற பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் கொடுத்துவிட வேண்டும். பழைய கடன் இருந்தால் பாங்கியில் தடையில்லாச் சான்றும், 35-ஆம் எண் படிவமும் வாங்க வேண்டும். வாங்கினவர் பெயரில் பதிவு மாறிவிட்டதா என்று சில வாரம் கழித்துப் பார்த்துக் கொள்ள வேண்டும். தெரிந்தவர், மைத்துனருக்குச் சிநேகிதர், ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் என்றால் இன்னும் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும்! அங்கே கூச்சத்தினாலேயே காரியம் கெடும்.

வாங்குவதற்கு ஆளே இல்லாத நிலையில் இருக்கிற வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளுகிறவர்கள், சர்க்கார் அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்று வாங்கிக் கொள்வது மேல். பதிவை ரத்துச் செய்ய அந்தச் சான்று வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கார் செத்துப் போயிருக்கும். அதன் நம்பர் மட்டும் எங்கேயாவது உயிரோடு சுற்றிக் கொண்டிருக்கும்.

சாவியைக் கொடுக்கிற அன்றைக்கு டாஷ்போர்டு பிள்ளையாரை எடுக்க யாரும் மறப்பதில்லை. இருக்கைக்கு அடியில் போன பேத்தியின் கொலுசு, கண்ணாடிக் கூடு, இன்ஷூரன்ஸ் காகிதம் எல்லாம் கிடைக்கும். முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற ஃபாஸ்டாகை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அதை ரத்துச் செய்யாவிட்டால், புதுச் சொந்தக்காரர் கப்பலூர் சுங்கச்சாவடியைத் தாண்டுகிற ஒவ்வொரு தடவையும் உங்கள் கணக்கில் பணம் குறையும்.